காம்பாக்ட் டிராக்டருக்கு உறுதியான பாக்ஸ் பிளேடு: எதைப் பார்த்து வாங்குவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 30 எச்.பி. காம்பாக்ட் டிராக்டர், நான்கு சக்கர இயக்கம், முன்னால் லோடர், எல்லாம் சேர்த்து 1,500 கிலோ. பின் டயர்களின் வெளி அகலம் 56 அங்குலம். கல் கலந்த இறுகிய மண்ணில் 200 மீட்டர் சரளைப் பாதையைச் செப்பனிட வேண்டும். ஒரு மேட்டை வெட்டிப் பள்ளத்தில் நிரவ வேண்டும். ஐந்தடி அகலத்தில் இரண்டு பாக்ஸ் பிளேடுகள் (டிராக்டரின் பின்னால் மாட்டி, மண்ணை வெட்டி இழுத்துப் பரப்பும் இரும்புப் பெட்டி) பார்த்திருக்கிறீர்கள். ஒன்று 150 கிலோ, மற்றது 240 கிலோ. இரண்டிலும் "40 எச்.பி. வரை" என்றே எழுதியிருக்கிறது, விலை மட்டும் வெகுவாக வேறுபடுகிறது. எது உறுதி என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிளேடில் எந்த இடம் முதலில் விட்டுக்கொடுக்கும் என்பது ஒன்று. உங்கள் டிராக்டர் எவ்வளவு கனத்தைத் தாங்கி, அதை வேலையாக மாற்றும் என்பது இன்னொன்று.

அந்த எச்.பி. எண்ணை ஒதுக்கிவையுங்கள். பாக்ஸ் பிளேடை இழுப்பது டயர்களின் பிடிப்பு. எஞ்சினுக்கு எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் டயர் வழுக்கத் தொடங்கினால் இழுவை அங்கேயே நின்றுவிடும். இறுகிய மண்ணில் நான்கு சக்கர இயக்கமுள்ள டிராக்டர் தன் எடையில் ஏறத்தாழ பாதி அளவு விசையோடு இழுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். உங்களுடையதற்கு அது 750 கிலோ. புல்வெளி டயர் போட்டிருந்தால் இன்னும் குறையும். டயருக்குள் தண்ணீர் நிரப்பியிருந்தால் கூடும். இந்த 750 கிலோவைத் தாங்காத பிளேடு என்று எதுவும் இல்லை. பிளேடை வளைப்பது சீரான இழுப்பு அல்ல, திடீர் மோதல். மண்ணுக்குள் மறைந்திருக்கும் வேரிலோ பாறையிலோ ஒரு மூலை இடிக்கிறது. 1,500 கிலோ வண்டி 5 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிற்கிறது. கணக்குப் போட்டால், எஞ்சினின் இழுப்பைச் சேர்க்காமலே, சராசரியாக 3 டன் விசை வருகிறது. அதுவும் நடுவில் இல்லாமல் ஓரத்தில் இறங்குவதால் சட்டத்தையே முறுக்கும். வேகத்தைப் பாதியாக்கினால் அதே விசை கால்பங்காகும். ஆகவே உறுதியில் பாதி இரும்பில் இருக்கிறது, பாதி ஓட்டுபவரின் கையில் இருக்கிறது. இரும்பைப் பற்றி முதலில் பேசுவோம்.

மோதல் விசை போகும் வழி இதுதான்: வெட்டு பிளேடு அல்லது ரிப்பரிலிருந்து (மண்ணைக் கீறும் பல்) குறுக்குச் சட்டத்துக்கு, அங்கிருந்து ஏ வடிவச் சட்டத்துக்கும் கீழ்ப் பின்களுக்கும் (டிராக்டரின் கீழ் லிங்க் என்னும் தூக்குக் கைகளில் மாட்டும் இரும்பு முளைகள்), பிறகு டிராக்டருக்கு. இந்த வழியில் எந்த இடம் மெலிந்ததோ அதுதான் பிளேடின் உண்மையான பலம். பெரும்பாலான விளம்பரங்கள் பின்பக்க வளைதகட்டின் தடிமனை மட்டும் பெரிதாகப் போடுகின்றன. அது மண்ணைத் தாங்கும் சுவர். முதுகெலும்பு குறுக்குச் சட்டம். நல்ல ஐந்தடி பிளேடில் இது 100 மி.மீ. சதுரக் குழாயாக, 6 மி.மீ. சுவரோடு இருக்க வேண்டும். மலிவானவற்றில் 75 மி.மீ. குழாய், 5 மி.மீ. சுவர், சில சமயம் அதைவிட மெலிதாகவும் வரும். இவ்விரண்டுக்கும் எடையில் 60 சதவீதம்தான் வித்தியாசம். வளைவையும் முறுக்கையும் எதிர்க்கும் விறைப்போ ஏறத்தாழ மூன்று மடங்கு கூடுகிறது. தகட்டிலும் அப்படித்தான். 5 மி.மீ. தகட்டை 6 மி.மீ. ஆக்கினால் எடை 20 சதவீதம் ஏறும், விறைப்பு 70 சதவீதத்துக்கு மேல் ஏறும். ஏனென்றால் தகட்டின் விறைப்பு தடிமனின் கனத்தோடு, அதாவது மும்மடிப் பெருக்கத்தோடு, உயர்கிறது. பார்வைக்கு ஒரு மில்லிமீட்டர் ஒன்றுமில்லாததுபோல் தெரியும். அங்கே ஏமாறாதீர்கள், தடிமன் அளக்கும் வெர்னியர் அளவுகோலைக் கையோடு கொண்டுபோங்கள்.

எடையை வைத்தே உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிக்கவும் முடியும். 6 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 47 கிலோ, 10 மி.மீ. தகடு 78 கிலோ. ஐந்தடி பிளேடுக்குச் சொன்ன குறுக்குக் குழாய் 27 கிலோ. 150 மி.மீ. அகலம், 12 மி.மீ. தடிமன் கொண்ட வெட்டு பிளேடு ஒன்று 21 கிலோ. முன்னோக்கி ஒன்று, பின்னோக்கி ஒன்று என 42. பக்கத் தகடுகள் 10 மி.மீ. தடிமனில் இரண்டும் சேர்த்து 40 கிலோவை ஒட்டி வரும். வளைதகடு ஒன்று என்றால் 32, இரண்டு என்றால் 64. ஏ சட்டமும் தாங்குபட்டைகளும் 25, ரிப்பர்கள் ஐந்தும் 20. கூட்டிப் பாருங்கள், 190 முதல் 220 கிலோவுக்குள் வருகிறது. ஆகவே 150 கிலோ பிளேடில் எங்கோ இரும்பு குறைந்திருக்கிறது என்பது உறுதி. எங்கே குறைந்திருக்கிறது என்பதை நேரில் அளந்துதான் சொல்ல முடியும். பக்கத் தகட்டில் குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். குறுக்குச் சட்டத்திலோ வெட்டு பிளேடிலோ குறைந்திருந்தால் வாங்க வேண்டாம்.

கனத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. பாக்ஸ் பிளேடு தன் எடையால்தான் மண்ணுக்குள் இறங்குகிறது. காம்பாக்ட் டிராக்டர்களின் ஹைட்ராலிக் லிஃப்ட் பெரும்பாலும் தூக்க மட்டுமே செய்யும், கீழே அழுத்தாது. இறுகிய தரையில் இலேசான பிளேடு மேலே தவழ்ந்து, மண்ணைச் சுரண்டிக்கொண்டு மட்டுமே போகும். காம்பாக்ட் டிராக்டருக்கு அகலத்தின் ஒவ்வோர் அடிக்கும் 40 கிலோவுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்ல அளவுகோல். கல் கலந்த இறுகிய மண் என்றால் 45 முதல் 50. இந்தக் கணக்கில் உங்கள் 240 கிலோ பிளேடு சரியாகப் பொருந்துகிறது, 150 கிலோ பிளேடு அடிக்கு 30 கிலோவில் நிற்கிறது. இலேசான பிளேடை வாங்கி மேலே கல்லோ இரும்போ ஏற்றிக்கொள்ளலாமே என்று பலர் நினைக்கிறார்கள். மண்ணில் இறங்கத்தான் செய்யும். ஆனால் இலேசான எடைக்குக் கணித்துச் செய்த சட்டம் கூடுதல் மோதலை வாங்கும். ஏ சட்டத்தின் அடியில் வெல்டிங் கீறல் விடத் தொடங்கும்.

வெட்டு பிளேடுக்கு வருவோம். இது போல்ட் போட்டுக் கழற்றக்கூடியதாக, இரு விளிம்பும் கூராக, ஒரு பக்கம் தேய்ந்ததும் திருப்பிப் போடும்படி இருக்க வேண்டும். வளைதகட்டின் அடிவிளிம்பையே வெட்டு விளிம்பாக விட்டிருக்கும் பிளேடை, அல்லது வெட்டு பிளேடை வெல்டிங் செய்து ஒட்டியிருப்பதை, தவிர்த்துவிடுங்கள். சரளையில் தேய்வது நிச்சயம், தேய்ந்தபின் மாற்ற வழியிருக்காது. எஃகு உண்மையிலேயே பதப்படுத்தியதா என்று பார்க்க எளிய வழி, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு ஓர் அரத்தை இழுத்துப் பார்ப்பது. சாதா இரும்பை அரம் கடித்து இழுக்கும், பதப்படுத்திய எஃகில் வழுக்கிக்கொண்டு போகும். போல்ட் தலை மேற்பரப்போடு மட்டமாக அமரும் சதுரக் கழுத்து வகையாக, 16 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. துளைகளின் இடைவெளி தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். வாங்கும்போதே துளை இடைவெளியை அளந்து எழுதி வைத்துக்கொண்டால், அந்தத் தயாரிப்பாளர் நாளைக்குக் கடையை மூடினாலும் அதே அளவுப் பட்டையில் துளையிட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ரிப்பர்கள்தாம் மலிவான பிளேடுகளில் முதலில் குட்டு வெளிப்படும் இடம். நல்லவை 20 முதல் 25 மி.மீ. தடிமனும் 50 மி.மீ.க்குக் குறையாத அகலமும் கொண்டவை. நுனியில் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய கொழு இருக்கும், உயரத்தை மாற்ற மூன்று துளைகளாவது இருக்கும். ஆனால் ரிப்பரைவிட அது செருகியிருக்கும் கூட்டைக் கவனியுங்கள். குறுக்குக் குழாயில் மேலும் கீழும் ஓட்டை வெட்டி ரிப்பரை அப்படியே நுழைத்திருந்தால், முதுகெலும்பை ஐந்து இடங்களில் அறுத்துவிட்டார்கள் என்று பொருள். ஓட்டையைச் சுற்றித் தடித்த தகடு வைத்து வெல்டிங் செய்திருக்க வேண்டும், அல்லது குழாயை வெட்டாமல் அதன் பின்னால் தனிக் கூடு பொருத்தியிருக்க வேண்டும். ரிப்பரைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆட்டம் இயல்பு. அதற்கு மேல் ஆடினால், ஒவ்வொரு கல்லிலும் ரிப்பர் கூட்டைச் சுத்தியலாக அடிக்கும். துளை நீள்வட்டமாகி, ரிப்பரைப் பூட்டும் பின் வளைந்து, ஒரு நாள் வெளியே எடுக்கவே வராது. இன்னொன்று: ஐந்து ரிப்பரும் எப்போதும் இறங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. மிக இறுகிய தரையில் இரண்டையோ மூன்றையோ மட்டும் இறக்கினால், ஒவ்வொன்றின் மேலும் விழும் எடை கூடி ஆழமாக இறங்கும். முதல் சுற்றில் கீறி, அடுத்த சுற்றில் மற்றவற்றையும் இறக்குங்கள்.

வெல்டிங்கில் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: ஏ சட்டமும் குறுக்குக் குழாயும் சேரும் இடம், குழாயும் பக்கத் தகடும் சேரும் இடம், பக்கத் தகடும் வளைதகடும் சேரும் மூலை. முதல் இரண்டிலும் இணைப்பைச் சுற்றி வெல்டிங் தொடர்ச்சியாக ஓடியிருக்க வேண்டும், மூலைத் தாங்குதகடு இருக்க வேண்டும். மூன்றாவதில் இடைவெளி விட்டு வெல்டிங் செய்திருந்தாலும் பெரிய குறையில்லை. வெல்டிங் ஓரத்தில் தகடு அரித்ததுபோல் பள்ளம் விழுந்திருந்தால் கீறல் அங்கேதான் பிறக்கும். பெயின்ட்டின் பளபளப்பு பலத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. பழைய பிளேடு வாங்குவதாக இருந்தால் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு இரண்டு குறுக்களவையும் அளந்து பாருங்கள், 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் சட்டம் முறுக்கு வாங்கியிருக்கிறது. வெட்டு பிளேடை மாற்றிவிடலாம், முறுக்கேறிய சட்டத்தை நேராக்குவது பெரும்பாலும் செலவுக்குத் தகாது.

அகலத்தில் நீங்கள் சரியாகவே யோசித்திருக்கிறீர்கள். பிளேடு பின் டயர்களின் வெளி அகலத்தை மூடி, இரு பக்கமும் ஓரிரு அங்குலம் அதிகம் இருந்தால் போதும். 56 அங்குலத்துக்கு 60 அங்குலம் பொருத்தம். குறைந்தால் டயர்த் தடம் வெட்டிய மண்ணிலேயே பதியும், வரப்பு ஓரத்தில் வேலை செய்யவும் முடியாது. ஆறடிக்கு ஆசைப்படாதீர்கள். பெட்டி நிறைய மண் பிடித்தால் ஐந்தடியிலேயே 280 கிலோ இழுபடும். ஆறடியில் ஐந்தில் ஒரு பங்கு கூடும், டயர் வழுக்கும்.

240 கிலோவை உங்கள் டிராக்டர் தூக்குமா என்பதைக் கையேட்டில் பாருங்கள். அதில் இரண்டு எண்கள் இருக்கலாம்: கீழ் லிங்க் முனையில் ஒன்று, அதற்கு 610 மி.மீ. பின்னால் ஒன்று. இரண்டாவதுதான் உங்களுக்குத் தேவை, ஏனெனில் பிளேடின் ஈர்ப்பு மையம் அந்தப் பக்கத்தில்தான் விழுகிறது. பெட்டிக்கு அடித்தட்டு இல்லாததால் தூக்கும்போது மண் கீழே கொட்டிவிடும். மண்ணின் எடையைத் தூக்கும் கணக்கில் சேர்க்க வேண்டாம். தூக்குவதைவிட முன்பக்கம் இலேசாவதுதான் கவலைக்குரியது. பிளேடின் எடையை, பின் அச்சிலிருந்து அதன் ஈர்ப்பு மையம் இருக்கும் தூரத்தால் பெருக்கி, வீல்பேஸால் (முன், பின் அச்சுகளுக்கு இடையேயான தூரம்) வகுங்கள். 240 கிலோ, 1.25 மீட்டர், 1.6 மீட்டர் என்று போட்டால் முன் அச்சிலிருந்து 190 கிலோ குறைகிறது. பிளேடைத் தூக்கிய நிலையிலும் முன் அச்சில் மொத்த டிராக்டர் எடையில் 20 சதவீதமாவது இருந்தால்தான் ஸ்டியரிங் கேட்கும். உங்களிடம் லோடர் இருப்பதால் இது பெரும்பாலும் சிக்கலாகாது. லோடரைக் கழற்றிவிட்டு வேலை செய்யும் நாளில் முன்னால் எடைக்கட்டி மாட்டிக்கொள்ளுங்கள்.

இணைப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்த அளவுக்கு கேட்டகிரி 1 என்னும் அளவு வகை இணைப்பு: கீழ்ப் பின் 22 மி.மீ., டாப் லிங்க் (ஏ சட்டத்தின் உச்சியை டிராக்டரோடு இணைக்கும், நீளத்தை மாற்றக்கூடிய கம்பி) பின் 19 மி.மீ. கீழ்ப் பின்கள் ஒற்றைத் தகட்டில் நீட்டிக்கொண்டு நிற்காமல், இரண்டு தகடுகளுக்கு நடுவே இருபக்கமும் தாங்கியிருப்பது நல்லது. ஒற்றைத் தகட்டுப் பின் வளைவது அடிக்கடி நடக்கும் பழுது. விரைவு இணைப்புச் சட்டம் வைத்திருந்தால் மேல் கொக்கிக்கும் கீழ்ப் பின்னுக்கும் இடையே 15 அங்குல உயரம் பொருந்துகிறதா என்று வாங்கும் முன்பே அளந்துகொள்ளுங்கள். எல்லாப் பிளேடும் பொருந்துவதில்லை. அந்தச் சட்டம் பிளேடை மேலும் பின்னுக்குத் தள்ளுவதால் முன் அச்சுக் கணக்கும் மாறும்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகமில்லை. இனி இருவேறு கருத்துக்கு இடமுள்ளவை. பின் பிளேடு கீலில் ஆடும் வகை சிறந்தது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். பரப்பி மட்டமாக்கும் வேலையில் அது உண்மையிலேயே அழகாக வேலை செய்கிறது. ஆனால் கீல் தேயும், பின்னோக்கித் தள்ளும்போது முழு விசையும் அதன் பூட்டில் இறங்கும். மேட்டை வெட்டுவது உங்கள் முதல் வேலை என்பதால் இரு பிளேடும் அசையாமல் பொருத்திய வகையே தேவலை என்பது என் கணிப்பு. பெரும்பாலும் பாதை பராமரிப்புதான் என்றால் மாற்றிச் சொல்லியிருப்பேன். ரிப்பரை ஹைட்ராலிக்கில் ஏற்றி இறக்கும் வசதிக்கு இந்த அளவு வேலையில் பணம் போடத் தேவையில்லை என்று நினைக்கிறேன். அந்தப் பணத்தில் ஹைட்ராலிக் டாப் லிங்க் வாங்குங்கள். இருக்கையிலிருந்தே பிளேடின் சாய்வை மாற்ற முடிவது வேலையின் தரத்தையே மாற்றிவிடும். இருபக்கமும் இயங்கும் சிலிண்டரும், எண்ணெய் பின்வாங்காமல் பூட்டிப் பிடிக்கும் வால்வும் இருக்க வேண்டும்; வால்வு இல்லாவிட்டால் பாதி வழியில் சாய்வு தானாக நழுவும். டிராக்டரின் பின்பக்கம் ஹைட்ராலிக் வெளியிணைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இதை முடிவு செய்யுங்கள். உங்கள் மண் எவ்வளவு இறுகியது என்பதை எழுத்திலிருந்து என்னால் அளக்க முடியாது. கடப்பாரையை ஓங்கிக் குத்தினால் இரண்டு மூன்று அங்குலம்கூட இறங்கவில்லை என்றால், எந்தக் காம்பாக்ட் பிளேடும் ஈரம் காணும்வரை அங்கே திணறும்.

வாங்கிய பிளேடு வளையாமல் இருக்கச் சில விஷயங்கள். சமதரையில் முன், பின் இரு வெட்டு பிளேடும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும்படி டாப் லிங்க்கைச் சரிசெய்து, அதை அடிப்படை நிலையாகக் கொள்ளுங்கள். டாப் லிங்க்கைக் குறுக்கினால் முன்பக்கம் தாழ்ந்து ரிப்பரும் முன் பிளேடும் ஆழமாக வெட்டும். நீட்டினால் பின்பக்கம் தாழ்ந்து மட்டமாகப் பரப்பும். ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வெட்டாதீர்கள்; வேகம் நடை வேகத்தைத் தாண்ட வேண்டாம். ரிப்பர் இறங்கியிருக்கும்போது பின்னோக்கி ஓட்டவே கூடாது. ரிப்பர், கூடு, பின் மூன்றும் எதிர்த்திசை விசைக்குச் செய்யப்பட்டவை அல்ல. பிளேடு மண்ணில் இருக்கும்போது கூர்மையாகத் திருப்பினால் பக்கத் தகடும் கீழ் லிங்க்கும் வளையும். தூக்கித் திருப்புங்கள். பின்னோக்கித் தள்ளி அடிமரத்தைப் பெயர்க்கும் முயற்சியும் வேண்டாம். கீழ் லிங்க்குகள் இழுப்பதற்கான கம்பிகள், தள்ளும் விசையில் மடங்கிவிடும். பக்கவாட்டு ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் நிறுத்திகளை இறுக்கி வையுங்கள். ரிப்பரையோ வெட்டு பிளேடையோ மாற்றும்போது பிளேடைத் தரையிலோ கனத்த மரக்கட்டைகளிலோ இறக்கி வைத்துவிட்டு மட்டுமே கையை உள்ளே விடுங்கள். ஹைட்ராலிக் தூக்கி நிறுத்திய பாரத்தின் கீழ் யாரும் போகக் கூடாது. ஒரு சீல் கசிந்தால் போதும், பிளேடு இறங்கிவிடும்.

பாதையில் குறுக்குக் குறுக்காக அலைமேடுகள் விழுந்திருந்தால், பள்ளங்களை மேலோட்டமாக நிரப்பிவிட்டு நிறுத்தாதீர்கள். இறுகிய மேடும் இளகிய பள்ளமும் அடியில் அப்படியே இருப்பதால் சில வாரங்களில் அதே அலை திரும்பிவிடும். ரிப்பரைப் பள்ளத்தின் அடிமட்டம் வரை இறக்கிக் கீறி, முழுவதையும் இளக்கியபின் பரப்புங்கள். வலப்பக்க லிஃப்ட் கம்பியைச் சரிசெய்து பிளேடைச் சற்றே சாய்த்தால், பாதையின் நடு உயர்ந்து நீர் இருபுறமும் வடியும்; மீட்டருக்கு 4 சென்டிமீட்டர் சரிவு சரளைப் பாதைக்குப் போதுமானது.

உங்கள் இரண்டில், 240 கிலோ பிளேடின் குறுக்குக் குழாய்ச் சுவர் 6 மி.மீ. இருந்து, வெட்டு பிளேடு கழற்றித் திருப்பும்படி இருந்தால் அதையே வாங்குங்கள். குழாய்ச் சுவர் 4 மி.மீ. என்று தெரிந்தால், எடை வேறெங்கோ ஏறியிருக்கிறது என்று பொருள். அப்போது இரண்டையும் விட்டுவிட்டு, 200 கிலோவை ஒட்டிய, தடித்த குழாய் உள்ள மூன்றாவதைத் தேடுங்கள். குழாயின் திறந்த முனை தெரியாதபடி மூடியிருந்தால், ரிப்பர் ஒன்றைக் கழற்றச் சொல்லி அந்த ஓட்டையில் வெர்னியரை விட்டு அளக்கலாம்.